கோடை விடுமுறைக்கு மலர்க்காட்சியா, பயிற்சி முகாமா, நூலகமா, ஊர்க்கூடமா? நீலகிரியில் குடியிருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஏப்ரல் மூன்றாவது வாரம் வந்தால் போதும், போன் அடிக்கத் தொடங்கிவிடும். "அக்கா, பரீட்சை முடியுது. லீவுக்குப் பசங்கள என்ன பண்றது? பூக்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனா போதுமா, இல்ல ஏதாவது கேம்ப்ல போடணுமா?" கேட்பவர்கள் சுற்றுலா வருபவர்கள் இல்லை. கட்டபெட்டில் மளிகைக்கடை வைத்திருப்பவர், குன்னூரில் டாக்சி ஓட்டுபவரின் மனைவி, எஸ்டேட் லைனிலிருந்து (தொழிலாளர் வீட்டு வரிசை) தேயிலை எடுக்கப் போகிற தங்கை. எல்லாருக்கும் போனிலேயே பதில் சொல்லி முடிவதில்லை. அதனால் இந்த முறை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

வெளியூர்க்காரருக்கு நீலகிரிக் கோடை இரண்டு நாள். நமக்கு நாற்பது நாள். அதோடு, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுகிற அதே வாரத்தில்தான் பெற்றவர்களுக்கு வருடத்திலேயே அதிக வேலை. சீசன் என்பதால் டாக்சியும் லாட்ஜும் கடையும் இரவு வரை ஓடும். கோடை மழை இரண்டு இறங்கிவிட்டால் தேயிலை துளிர்த்து ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை கொழுந்து குவியும். ஒரு நாள் வீட்டில் நின்றால் அந்த நாள் கூலி போய்விடும். "லீவுல குடும்பத்தோட எங்க போகலாம்" என்ற கேள்வி நம்மில் பலருக்குப் பொருந்தாது. "நான் வேலைக்குப் போயிருக்கும்போது பிள்ளை எங்கே, யாரோடு இருக்கும்" என்பதுதான் நம் கேள்வி.

## எதை வைத்து அளப்பது

முதலில் தூரம். இதைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது, திரும்பி வரும் நேரத்தை வைத்து அளக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் தேயிலைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் காட்டெருமை வந்து நிற்கும். கரடி இறங்கும் ஊர்கள் எவை என்று நமக்கே தெரியும். அந்தப் பாதையில் ஒரு பத்து வயதுப் பிள்ளை, இன்னும் மூன்று பிள்ளைகளோடு, பகல் வெளிச்சத்திலேயே போய்த் திரும்ப முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், யாராவது ஒரு பெரியவர் தினமும் கூடப் போக வேண்டும். அந்தப் பெரியவரின் நேரமும் செலவுதான்.

இரண்டாவது முழுச் செலவு. நுழைவுச்சீட்டு மட்டும் செலவில்லை. போகவர ஆகும் பஸ், வெளியே சாப்பாடு, போட்ட லீவு எல்லாம் சேரும். சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம் 2024இல் மலைப்பகுதிகளுக்கும் வந்துவிட்டதால் அம்மாவும் மகளும் போவதற்கு ஆகும் கணக்கு குறைந்திருக்கிறது. ஆனால் பல ஊர்களுக்கு மினி பஸ்ஸும் ஷேர் ஜீப்பும்தான் கதி. அங்கே அந்தச் சலுகை இல்லை.

மூன்றாவது மழை. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. நான்காவது, எத்தனை நாள் தாங்கும். ஒரே நாளில் முடிந்துபோவது நல்ல நினைவாக நிற்கும், ஆனால் மிச்சம் முப்பத்தொன்பது நாள் அப்படியே இருக்கிறது. ஐந்தாவதை நான் மற்றவற்றைவிடப் பெரிதாக நினைக்கிறேன்: அங்கே பிள்ளைக்கு யார் பழக்கமாவார்கள்? ஜூன் மாதத்திலும் பார்க்கக்கூடிய ஒரு நண்பன், பெயர் தெரிந்த ஒரு பெரியவர் கிடைப்பார்களா?

அவசரமாக முடிவெடுக்க வேண்டியவர்கள் கீழே உள்ள அட்டவணையைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் அடங்காத விஷயங்கள் பின்னால் வருகின்றன.

| வழி | போய்த் திரும்புவது | பணம் | மழை வந்தால் | எத்தனை நாள் |
|---|---|---|---|---|
| கோடை விழாக் காட்சிகள் | சீசன் நெரிசலில் ஒரு முழு நாள் | சீட்டு, சாப்பாடு, போன கூலி | திறந்தவெளி, நனைய வேண்டியதுதான் | ஒன்று, மிஞ்சினால் இரண்டு |
| அரசு விளையாட்டுப் பயிற்சி முகாம் | ஊட்டியில் இருந்தால் எளிது, மற்றவர்க்குக் கடினம் | கட்டணம் குறைவு, ஷூவும் பஸ்ஸும் அதிகம் | உள்ளரங்கு விளையாட்டு தப்பும் | சுமார் மூன்று வாரம் |
| நூலகம் | கிளை அருகில் இருந்தால் நடை | அநேகமாக இல்லை | கவலை இல்லை | விடுமுறை முழுதும், வெள்ளி தவிர |
| சமவெளியில் பாட்டி வீடு | ஒரு முறை இறக்கி ஒரு முறை ஏற்ற | பஸ், கைச்செலவு | மழை இல்லை, வெயில் | வேண்டியமட்டும் |
| ஊர்க்கூடத்தில் நாமே நடத்துவது | நடை | தலைக்குக் கொஞ்சம், உழைப்பு நிறைய | கூரை இருந்தால் போதும் | நம் தெம்பைப் பொறுத்து |

## கோடை விழாக் காட்சிகள்

மே மாதம் முழுக்க வரிசையாக வரும். வழக்கமாகக் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியோடு தொடங்கும். பிறகு கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, ஊட்டி ரோஜாப் பூங்காவில் ரோஜாக் காட்சி, தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி, மாதக் கடைசியில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்காட்சி. தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். மலர்க்காட்சி 2024இல் மே 10இல் தொடங்கியது, 2025இல் மே 15இல். போன வருடத் தேதியை நம்பி லீவு சொல்லிவிடாதீர்கள்.

மலர்க்காட்சி 1896இல் தொடங்கியது. 2025இல் நடந்தது 127ஆவது. தாவரவியல் பூங்கா அதற்கும் முந்தையது, 1848இல் உருவாக்கத் தொடங்கியது. இந்த மலையில் பிறந்த பிள்ளை ஒரு முறையாவது மலர்க்காட்சியைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஒவ்வொரு ஆண்டும் பார்க்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன்.

மறைந்திருக்கும் செலவைச் சொல்கிறேன். சீசனில் வண்டிகளை ஒருவழியாகத் திருப்பிவிடுவார்கள். குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவது வழக்கம். வெளியூர் வண்டிகளுக்கு மே 2024 முதல் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி, கட்டாயம். 2025இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. நம் உள்ளூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம், ஆனால் நெரிசலில் நிற்பது உள்ளூர் வண்டிக்கும் உண்டு. மூன்று வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பூங்காவில் இருந்த நேரத்தைவிட பஸ்ஸில் நின்ற நேரம் அதிகம். கண்ணாடி மாளிகைக்குள் சின்னவள் பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவரின் முதுகுப்பையைத்தான். நாலு மணிக்கு மழை பிடித்தது. திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "அம்மா, பூ எப்போ காட்டுவீங்க?"

காட்சியின் முதல் நாளுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அரசு அலுவலகத்தில் இருப்பவருக்கு அது லீவு, பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலை செய்து ஈடுகட்ட வேண்டும். கூலிக்கு இலை எடுப்பவருக்கு அதனால் ஒரு பைசா பயனில்லை. காட்சி நாட்களில் நுழைவுக் கட்டணமும் சாதாரண நாளைவிடக் கூடுதல். தொடக்க நாள் முக்கியஸ்தர்கள் வரும் நாள் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். செவ்வாயோ புதனோ, பூங்கா திறக்கும்போதே வாசலில் நிற்கிற மாதிரி முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். சோறு கட்டிக்கொண்டு போங்கள். தண்ணீருக்குப் பாத்திரம் எடுத்துப் போங்கள். இங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கொய்த பூக்களால் கட்டிய உருவங்கள் மழையிலும் வெயிலிலும் சீக்கிரம் வாடும். தொட்டிச் செடிகள் அப்படி வாடாது. அதனால் கூட்டம் கலைந்த பிறகு ஒரு வார நாளில் போனாலும் பூங்காவில் பூ இருக்கும், நுழைவுக் கட்டணமும் குறைவு. அங்கே இருக்கிற கல்மரத்தை, இரண்டு கோடி ஆண்டு பழையது என்று சொல்லப்படும் அந்தக் கல்லாகிப்போன அடிமரத்தை, காட்சி நாளில் யாரும் நின்று பார்ப்பதில்லை. பிள்ளைகள் அதன் முன்னால் அரை மணி நேரம் நிற்பார்கள். மேலே ஏறினால் தோடர் பழங்குடியினரின் ஊரான மந்து. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசனுக்கு மறுபடியும் தொட்டிகளை அடுக்குவார்கள். நம்மூர்க்காரருக்கு இருக்கிற பெரிய வசதியே இதுதான்: நாளை நாம் தேர்ந்தெடுக்கலாம்.

கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு என் யோசனை, காய்கறிக் கண்காட்சியே போதும். பக்கத்திலேயே இருக்கிறது, பாதி நாளில் முடியும். கேரட்டிலும் முள்ளங்கியிலும் செய்த உருவத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு, அந்தக் கேரட் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று காட்டக்கூடிய அப்பாக்கள் இங்கே நிறைய பேர் உண்டு. குன்னூர்க்காரர்களுக்குப் பழக்காட்சி அதே மாதிரி. 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

பார்ப்பதைவிடப் பங்கெடுப்பது மேல் என்பதையும் சொல்ல வேண்டும். மலர்க்காட்சியை ஒட்டி வீட்டுத் தோட்டங்களுக்குப் போட்டி உண்டு. நடுவர்கள் வீடு தேடி வந்து பார்ப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு அத்தை, எண்ணெய் டின்னிலும் ஓட்டை விழுந்த பக்கெட்டிலும் ஜெரேனியமும் பான்சியும் வைத்துப் பெயர் கொடுத்தார். அவர் பேத்தி ஐஸ்கிரீம் குச்சியில் ஒவ்வொரு செடியின் பெயரையும் எழுதி மண்ணில் குத்தி வைத்தாள். பரிசு வரவில்லை. ஆனால் நடுவராக வந்தவர் குனிந்து அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் மலர்க்காட்சி என்றால் அந்தக் காலைதான். இதற்கு மே மாதம் யோசித்தால் பிந்திவிடும். பொங்கல் முடிந்த கையோடு விதை போட்டால்தான் மே மாதம் பூ நிற்கும்.

## அரசு விளையாட்டுப் பயிற்சி முகாம்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு கோடையிலும் மாவட்டத் தலைநகரங்களில் நடத்துவது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே நடுவில் முடியும். காலையும் மாலையும் பயிற்சி. சென்னைக்கு வெளியே கட்டணம் கடந்த ஆண்டுகளில் 200 ரூபாய் அளவில் இருந்தது. தனியார் முகாம்கள் கேட்கும் பணத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. நம் மாவட்டத்துக்கு மையம் ஊட்டி.

ஊட்டியிலோ, காந்தல், லவ்டேல் போல ஒட்டியிருக்கும் ஊரிலோ இருந்தால், பத்து வயதுக்கு மேற்பட்ட, ஓடியாடத் துடிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்லது வேறு இல்லை. பயிற்றுநர் முறையாகப் படித்தவர். அரசு விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வுகளும் வழக்கமாக இதே கோடையில்தான் நடக்கும். நன்றாக ஆடும் பிள்ளையிடம் "நீ போய் எழுதிப் போடு" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருப்பார். நம் பிள்ளைகளுக்கு மூச்சுத் தெம்பு பிறவியிலேயே உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அந்தத் தெம்பை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர்க்காரர்கள்தான் யோசிக்க வேண்டும். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது? அந்த நேரத்துக்குப் பஸ் இருக்கிறதா? இருட்டில் ஸ்டாப் வரை யார் கொண்டுபோய் விடுவது? மாலைப் பயிற்சி முடிந்து சீசன் நெரிசலில் வீடு சேர எத்தனை மணி ஆகும்? கோத்தகிரியிலிருந்து ஒரு பையன் இரண்டு வருடம் முன்பு சேர்ந்தான். நாலாம் நாள் நின்றுவிட்டான். அவனுக்கு ஆர்வம் குறையவில்லை, அவன் அப்பாவுக்கு சீசன் சவாரி போய்க்கொண்டிருந்தது. ஊட்டியில் சித்தியோ மாமாவோ இருந்தால், மூன்று வாரம் அங்கேயே தங்கவைத்தால் மட்டும் இது நடக்கும். கிரவுண்டுக்கான ஷூவையும் கணக்கில் சேருங்கள். கட்டணத்தைவிட அது பல மடங்கு.

தனியார் கோடை முகாம்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இங்கே நடப்பவற்றில் பெரும்பாலானவை சமவெளிப் பிள்ளைகளுக்கு மலையைக் காட்டுவதற்காக நடப்பவை. கூடாரமும் மலையேற்றமும் நம் பிள்ளைக்குப் புதிதில்லை. ஓர் இடத்தில் முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, மழை என்று மூன்று நாள் நிறுத்திவிட்டுப் பணத்தைத் திருப்பித் தரவில்லை. எங்கே சேர்த்தாலும், மழை வந்தால் என்ன செய்வீர்கள், நின்ற நாளுக்குப் பணம் வருமா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

## நூலகம்

ஊட்டியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அதைவிட நமக்கு முக்கியம் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும். உங்கள் ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒன்று இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். வருடக்கணக்காக அதைத் தாண்டிப் போய் வந்தும் உள்ளே காலெடுத்து வைக்காதவர்களை எனக்குத் தெரியும். உறுப்பினராகச் சிறு தொகை கட்டினால் போதும். உட்கார்ந்து படிக்க அதுவும் வேண்டாம்.

மழைக்கு இதைப்போல ஓர் இடம் வேறு கிடையாது. கோடையில் பல நூலகங்களில் பிள்ளைகளுக்குக் கதை, ஓவியம், சதுரங்கம் என்று வகுப்பும் நடத்துவார்கள். உங்கள் நூலகத்தில் நடக்காவிட்டால், நூலகரிடம் போய்க் கேளுங்கள். கேட்க ஆள் வந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பாடு செய்கிற நூலகர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. பல கிளைகள் காலையும் மாலையும் திறந்து நடுப்பகலில் மூடுபவை. வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த நடுப்பகல்தான் சிக்கல். மாலைப் பொழுதுக்கு அனுப்பினால் திரும்பும்போது இருட்டிவிடும். ஆகவே காலைக்கு அனுப்புங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன், அக்காமார்கள் மேசையெல்லாம் நிறைந்திருப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை சத்தமாகச் சிரித்தால் முறைப்பார்கள். அது அவர்கள் தவறும் இல்லை, பிள்ளையின் தவறும் இல்லை. பெரியவர்கள் குறைவாக இருக்கும் நேரத்தை நூலகரிடமே கேட்டு வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

தானாகப் படிக்கப் பழகிய, ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நூலகம் சரி. அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கூட ஒருவர் வேண்டும். ஊட்டியில் 1859இலிருந்து இருக்கும் நீலகிரி நூலகம் சந்தா கட்டுகிற தனி நூலகம். மலையின் பழைய நூல்களைத் தேடும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது புதையல், சின்னவர்களுக்காகச் சேர வேண்டியதில்லை.

## பாட்டி வீடு

காரமடையிலோ சத்தியமங்கலத்திலோ திருப்பூரிலோ தாத்தா பாட்டி இருந்து, இங்கே அப்பா அம்மா இருவரும் சீசன் வேலையில் இருந்தால், யோசிக்கவே வேண்டாம், அனுப்புங்கள். பேரப்பிள்ளைகள் வந்து தங்குவது அவர்களுக்கும் வேண்டும். ஆனால் மலையிலேயே வளர்ந்த உடம்புக்கு அந்த வெயில் முதல் வாரம் ஒத்துக்கொள்ளாது. மத்தியானம் வெளியே விட வேண்டாம் என்று பாட்டியிடம் அழுத்திச் சொல்லி அனுப்புங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு. வாந்தி எடுக்கும் பிள்ளைக்குச் சாப்பாடு குறைவாகக் கொடுத்து முன் சீட்டில் உட்கார வையுங்கள். கொண்டுவந்து விடுகிறேன் என்று மாமா தன் காரில் கிளம்பினால் அவருக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பஸ்ஸில் வந்தால் வேண்டாம்.

## ஊர்க்கூடத்தில் நாமே நடத்துவது

எங்கள் ஊரில் ஐந்து கோடையாக இதைச் செய்கிறோம். தொடங்கியது பெரிய திட்டம் போட்டு இல்லை. அந்த மே மாதம் இரண்டு வீட்டில் பிள்ளைகள் தனியாக அடுப்பு பற்றவைத்து, ஒருத்திக்குக் கையில் கொப்புளம். அன்று சாயங்காலம் நாலு அம்மாக்கள் சமுதாயக் கூடத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து காலை பத்து முதல் ஒரு மணி வரை, முறைவைத்து இரண்டிரண்டு பெரியவர்கள். பன்னிரண்டு நாள் நடந்தது.

என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று கேட்பார்கள். யாருக்கு என்ன தெரியுமோ அதை. வெடிமருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, பழைய டார்ச் லைட்டைப் பிரித்து மேசையில் வரிசையாக வைத்தார். ஸ்பிரிங், பல்பு, தகடு, ஒவ்வொன்றாக. பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, "இப்ப நீங்க சேருங்க, எரியணும்" என்றார். ஒன்றே கால் மணி நேரம் ஒரு சத்தம் இல்லை. எரிந்தபோது எழுந்த கூச்சல் ரேஷன் கடை வரை கேட்டது. ஒரு பாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்தார். எந்த இலை வயிற்றுவலிக்கு, எதைத் தொட்டால் அரிக்கும், தவிட்டுப் பழம் எப்போது கறுக்கும், பிளம்ஸ் மரத்தில் எந்தக் கிளை இந்த வருடம் காய்க்காது. இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த ஒரு பெண் கணக்கு விளையாட்டு நடத்தினாள். சமவெளியில் ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் இப்படி ஒரு பாடம் கிடைக்காது.

கோத்தகிரி அருகே இருப்பவர்களுக்கு லாங்வுட் சோலை இருக்கிறது. சுமார் 116 ஹெக்டேர் சோலைக்காடு, சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் அங்கிருந்துதான். வனத்துறையிடம் அனுமதி கேட்டு, விவரம் தெரிந்த ஒருவரோடு ஒரு காலை மட்டும் அழைத்துப் போனோம். குழாயில் வரும் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளை, அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடியது. ஊட்டிப் பக்கம் இருந்தால் எம். பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மைய அருங்காட்சியகம் ஒரு காலைக்குப் போதும்.

பணம் என்று பார்த்தால், முதல் வருடம் தலைக்கு 100 ரூபாய் வாங்கினோம். சார்ட், கலர், நூல், தினம் ஒரு பிஸ்கட், டீ. இரண்டாம் வருடம் மகளிர் குழு டீச்செலவை ஏற்றுக்கொண்டது. பணம் கொடுக்க முடியாத வீட்டிலிருந்து இரண்டு கட்டு விறகு வந்தது, வாங்கிக்கொண்டோம்.

கைக்காசு குறைவுதான், மற்ற செலவுகள் நிறைய. முதலாவது சாவி. சமுதாயக் கூடத்தின் சாவி யாரிடம், கல்யாணம் வந்துவிட்டால் அந்த இரண்டு நாள் எங்கே, கழிப்பறையை யார் கழுவுவது. இரண்டாவது பொறுப்பு. இருபது பிள்ளைகள் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் ஒருவன் விழுவான். முதலுதவிப் பெட்டியும், எல்லா வீட்டுப் போன் நம்பரும் சுவரில் எழுதி ஒட்டிய தாளும் இல்லாமல் தொடங்காதீர்கள். எப்போதும் இரண்டு பெரியவர்கள், ஒருவர் போதாது. ஐந்து வயதுக்குக் கீழே சேர்க்காதீர்கள். அவர்களுக்கு அங்கன்வாடி இருக்கிறது, மே மாதத்தில் அதற்கும் சில நாள் விடுமுறை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று: 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே, பெண்கள் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன். முதல் வருடம் வந்த பிள்ளைகள் எல்லாரும் மேலூர்த் தெருப் பிள்ளைகள். கீழே லைன் வீட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை. நாங்கள் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்க என்றும் போய்ச் சொல்லவில்லை. கூடத்தில் ஒட்டிய நோட்டீஸை அவர்கள் யாரும் பார்க்கிற வழியே இல்லை. இரண்டாம் வருடம் நானும் இன்னொரு அக்காவும் இலை எடை போடும் இடத்துக்கே போய் நின்றோம். ஆறு பேர் வந்தார்கள். இப்போது பாதிக்குப் பாதி. டார்ச் தாத்தாவின் மேசையில் முதலில் எரியவைத்தவள் லைனிலிருந்து வந்த பெண்தான். ஜூனில் பள்ளி திறந்த பிறகு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பஸ் ஸ்டாப்பில் சேர்ந்து நிற்கிறார்கள். இதைத்தான் மேலே ஐந்தாவது அளவுகோல் என்றேன்.

எப்போது இது சரிப்படாது? நாலு பெரியவர்கள் முறைவைத்து நிற்க முடியாத ஊரில். ஒருவர் தலையில் எல்லாம் விழுந்தால் ஐந்தாம் நாள் அவர் படுத்துவிடுவார். அப்படியென்றால் வாரம் இரண்டு நாள் மட்டும் நடத்துங்கள், மற்ற நாள் நூலகத்துக்கு அனுப்புங்கள். கோயில் திருவிழா நடக்கும் வாரத்தையும் விட்டுவிடுங்கள். ஊட்டி மாரியம்மன் தேர் ஏப்ரலில், குன்னூர் தந்தி மாரியம்மன் விழா ஏப்ரல், மே. பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள், அங்கேதான் இருக்கவும் வேண்டும்.

என் வீட்டில் இப்போதைய கணக்கு இது: காலையில் கூடம், மழை நாளில் நூலகம், மே மாதம் ஒரு நாள் காய்கறிக் கண்காட்சி, செப்டம்பரில் ஒரு வார நாள் தாவரவியல் பூங்கா. பெரியவனுக்குக் கால்பந்து பிடித்துப்போனதால் இந்த வருடம் ஊட்டியில் அவன் சித்தி வீட்டில் தங்கி முகாமுக்குப் போகிறான். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும்.

சாவிக்கு ஒரு வழி சொல்லிவிடுகிறேன். ஊராட்சியில் இருப்பவர்களுக்கு மே 1 அன்று கிராம சபை உண்டு. அன்று எழுந்து நின்று கேட்டால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். நகராட்சி, பேரூராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் மனு தயாராக இருக்கிறது. மூன்றே வரி: மே மாதம் முழுக்கக் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை கூடத்தின் சாவி, கழிப்பறைக்குத் தண்ணீர், லைனிலிருந்து கூடத்துக்கு வரும் பாதையில் ஓரமாக வளர்ந்து நிற்கும் புதரை வெட்டிக் கொடுப்பது. கையெழுத்து முப்பத்தொன்று சேர்ந்திருக்கிறது. பதினாறு லைன் வீட்டுக் கையெழுத்து.